உடற்பாரமும் சுமைக்கோடும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களை உற்று நோக்குவோர், அவற்றின் பக்கத்தில் ஒரு வட்டமும், அவ்வட்டத்தை ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடும், அருகே ஏணிப்படி போன்ற சில சிறு கோடுகளும் தீட்டப்பட்டிருத்தலைக் காண்பர். அது சுமைக்கோடு எனப்படும். அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றிய கப்பல்கள் அமிழ்ந்து மாலுமிகள் மாள்வதைக் கண்டு மனம் வெதும்பிய சாமுவேல் பிலிம்சோல் என்னும் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் இடையறாது வாதாடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டில் பிரித்தானியச் சட்டம் அக்குறியைக் கட்டாயமாக்கியது. இன்று கப்பல்களிற் காணப்படும் கோடு ஒன்றன்று, பல என்பதே கவனித்தற்குரியது. நன்னீருக்கு ஒரு கோடு. வெப்பவலயக் கடலுக்கு ஒரு கோடு. மாரிக்கால வடகடலுக்கு வேறொரு கோடு. கப்பல் ஒன்றே, சரக்கும் ஒன்றே. ஆயினும், எந்த நீரில் மிதக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்தின் எல்லை வேறுபடுகிறது.

மனித உடலுக்கும் இத்தகைய கோடுகள் உண்டு. உடற்பாரம் மிகுந்தால் செய்யவேண்டுவது யாது என்பதைப் பற்றி இக்காலத்தில் பேசாத வீடில்லை. பொடியை விற்போர் ஒரு புறம். ஊசியைப் புகழ்வோர் ஒரு புறம். சத்திரசிகிச்சையே முடிந்த முடிபு என்போர் மற்றொரு புறம். வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் வேறொரு புறம். இவற்றுள் எது நன்று, எது தீது எனப் பொதுப்படக் கூறுதல் இயலாது. யாருக்கு, எந்த அளவில், எந்த நோயின் பொருட்டு என்பவற்றை அறிந்த பின்னரே வழிகளை எடைபோடல் வேண்டும்.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, கடலும் களப்பும் அடுத்துள்ள இலங்கைத்துறையில் வாழும் ஒரு தாயை நேயர்கள் தம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். குறித்த ஒருவரைச் சுட்டியதன்று. இத்தகையோர் கரையோரக் கிராமங்கள் எங்கணும் உளர். வயது 46, உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 72 கிலோகிராம். நான்கு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்கிறார். படியேறும்போது முழங்கால் நோகிறது. பக்கத்து வீட்டார் ஒரு பொடியைச் சிபாரிசு செய்கின்றனர். கட்டாரில் வேலை செய்யும் மகன், "அம்மா, நீங்கள் காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்துகொள்ளுங்கள்" என்று தொலைபேசியில் வற்புறுத்துகிறான். அவரோ ஒருவருக்கும் சொல்லாமல் இராச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இம்மூன்று வழிகளுள் எது தக்கது?

முதலில் அவருடைய சுமைக்கோட்டைக் காணல் வேண்டும். கிலோகிராமிற் கண்ட நிறையை, மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்றிணிவுச் சுட்டி கிடைக்கும். அவருடைய உயரம் ஒன்றரை மீற்றர். அதன் வர்க்கம் 2.25, 72ஐ 2.25ஆல் வகுக்க வருவது 32. உலகப் பொதுவழக்கில் 25க்கு மேற்பட்டது அதிநிறை. 30க்கு மேற்பட்டது உடற்பருமன். ஆனால், ஆசிய மக்களுக்கு இக்கோடு இன்னும் தாழ்வானது. 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, ஆசியருக்கு 23ஐயும் 27.5ஐயும் கவனத்துக்குரிய படிகளாக எடுத்துக்காட்டியது. காரணம் யாதெனின், ஒரே சுட்டியுடைய ஐரோப்பியரையும் தென்னாசியரையும் ஒப்பிடுமிடத்து, தென்னாசியரின் உடலிற் கொழுப்பு மிகுதி; அதிலும் வயிற்றினுள்ளே, ஈரலையும் குடலையும் சூழ்ந்து நிற்கும் கொழுப்பு மிகுதி. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிகோலுவது அதுவே. எனவே இடுப்பின் சுற்றளவையும் அளத்தல் வேண்டும். தென்னாசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகக் கொள்ளப்படும். தையற்காரரின் நாடா ஒன்றே இதற்குப் போதும்.

இவ்விடர் ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் வளர்ந்தோரிடையே எடுக்கப்பட்ட ஆய்வில், பெண்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவரும், ஆண்களுள் நால்வரில் ஒருவரும் 25 என்னும் சுட்டியைத் தாண்டியிருந்தனர். நெல் குற்றுதலும், அம்மியில் அரைத்தலும், தண்ணீர் சுமத்தலும் நாளாந்த வேலையாயிருந்த தலைமுறை உண்ட சோற்றின் அளவு மாறவில்லை. வேலை மட்டும் மாறிவிட்டது. பாணும் பணிசும் சீனித் தேநீரும் அதன்மேற் சேர்ந்துகொண்டன. இதனைத் தனிமனிதரின் பேராசை என்று பழித்தல் பொருந்தாது.

பழித்தல் பொருந்தாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. உடல் தன் பாரத்தைத் தானே காத்துக்கொள்ளும் இயல்புடையது. கொழுப்பிழையம் லெப்ரின் என்னும் ஓமோனைச் சுரந்து, தன் இருப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கிறது என்பது 1994இல் வெளிப்பட்டது. இரைப்பை கிரெலின் என்னும் பசியூட்டும் ஓமோனைச் சுரக்கிறது என்பது 1999இல் அறியப்பட்டது. ஒருவர் மெலியத் தொடங்கியதும் முன்னது குறையும், பின்னது கூடும், உடல் செலவிடும் சக்தியும் சுருங்கும். மெல்பேண் நகர ஆய்வாளர்கள், உணவைக் குறைத்து மெலிந்தோரை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் இம்மாற்றங்கள் நீங்கவில்லை என்று 2011இல் எடுத்துக்காட்டினர். மெலிந்தவர் மீண்டும் பருப்பதற்கு மனவுறுதியின்மை மட்டும் காரணமன்று. உடலே பழைய நிறைக்குத் திரும்பப் போராடுகிறது. ஆகவே எவ்வழியை ஆராய்ந்தாலும், எத்தனை கிலோ குறையும் என்று கேட்டல் மட்டும் போதாது. குறைந்தது நிலைக்குமா, அதற்கு எத்தனை காலம் என்ன செய்துகொண்டிருத்தல் வேண்டும் என்றும் கேட்டல் வேண்டும்.

இனி, பக்கத்து வீட்டார் சொன்ன பொடியை எடுத்துக்கொள்ளலாம். மீன்கறிக்குப் புளிப்பூட்டக் கொறக்காப்புளி இடுதல் இலங்கைச் சமையலில் நெடுநாளைய வழக்கம். அவ்வினப் பழத்தின் தோலில் ஐதரொட்சிச் சித்திரிக்கமிலம் என்னும் பொருள் உண்டு. அது கொழுப்பு உண்டாவதைத் தடுக்கக்கூடும் என்று ஆய்வுகூடங்களிற் கண்டதைக் கொண்டு, கார்சீனியா என்னும் பெயருடன் மாத்திரைகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. 1998இல் அமெரிக்காவில் 135 பேரைக் கொண்டு 12 வாரம் நடத்திய சோதனையில், ஒரு சாராருக்கு அம்மருந்தும் மற்றச் சாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, இரு சாராருக்கும் அளவான உணவையும் விதித்தனர். இரு சாராரும் சிறிது மெலிந்தனர். மருந்துண்டவர் மிகுதியாக மெலியவில்லை. மெலிவித்தது உணவுக் கட்டுப்பாடேயன்றி மாத்திரையன்று. கறியில் இடும் புளியால் தீங்கில்லை. ஆனால் அதன் சாரத்தைச் செறிவித்த மாத்திரைகளை உண்டோர் சிலருக்கு ஈரற் பாதிப்பு நேர்ந்தமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது.

விரைவில் மெலிவிக்கும் மருந்துகளின் வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. டைநைட்ரோபீனால் என்னும் இரசாயனம் 1933இல் கலிபோர்னியாவில் மெலிவு மருந்தாக அறிமுகமாயிற்று. அது உடலின் எரிபொருளை வீணே வெப்பமாக்கிற்று. மெலிவு உண்டானது உண்மை. ஆயினும் சிலருக்குக் கண்ணிற் புரை படர்ந்தது. சிலர் காய்ச்சல் மிக்கு இறந்தனர். 1938இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டத்தின்பின் அதன் விற்பனை நின்றது. பின்னர் வந்த பென்புளூரமின் இருதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. சிபுட்ரமின் என்பது மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் ஏதுவாகும் எனக் கண்டு 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதனைக் கைவிட்டன. கைவிடப்பட்ட அந்தச் சிபுட்ரமினே, மூலிகை என்று பெயரிட்டு விற்கப்படும் மெலிவுப் பொடிகளிலும் தேயிலைகளிலும் மறைவாகக் கலந்திருத்தல் பல நாடுகளின் பரிசோதனைகளில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டுள்ளது. ஆதலால், ஒரு பொடி உண்மையாகவே விரைந்து மெலிவித்தால் மகிழ்தற்கு முன் ஐயுறுதல் நன்று.

இதனாற் சித்த மருத்துவத்தைக் குறைத்து மதித்ததாகக் கொள்ளலாகாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அது முறையாகக் கற்பிக்கப்படுகிறது. பதிவுபெற்ற வைத்தியர் நோயாளியைப் பார்த்து, நாடி பிடித்து, உணவு விதித்துச் செய்யும் வைத்தியம் வேறு. பெயரறியாதவர் பொதிசெய்து, உள்ளடக்கத்தை மறைத்து, தபாலில் அனுப்பும் பொடி வேறு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, இலங்கையில் விற்கப்படும் மருந்துகளைப் பதிவுசெய்கிறது. வாங்குபவர் பதிவு இலக்கத்தைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டுவதில்லை. விற்பவர் சொல்லத் தயங்கினால், அத்தயக்கமே விடையாகும்.

அடுத்தது உணவும் நடையும். இதுவே மிகப் பழைய வழி. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் புரட்டுவோர், அங்கு மருந்துகளின் பெயர்ப் பட்டியலைக் காணார். உண்ணும் அளவைப் பற்றிய பேச்சையே பெரிதும் காண்பர். ஆயினும், அளவறிதல் என்பது பட்டினி கிடத்தலன்று. அந்தத் தாய் இராச் சாப்பாட்டை நிறுத்தியது நன்மையாகவே தோன்றலாம். ஆனால் நீரிழிவு மாத்திரைகளுட் சில, உணவு உட்செல்லாதபோதும் குருதியிற் சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். கிளிக்கிளசைட் அத்தகையது, இன்சுலின் ஊசியும் அத்தகையதே. அவற்றை எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்ப்பவர் நள்ளிரவில் வியர்த்து, நடுங்கி, உணர்விழக்கவும் கூடும். ஒளித்துப் பட்டினி கிடப்பதன் ஆபத்து இதுவே. உணவைக் குறைக்குமுன் வைத்தியருக்கு அறிவித்தால், அவர் மருந்தின் அளவையும் அதற்கேற்ப மாற்றுவார்.

எதைக் குறைப்பது? கண்ணுக்குத் தெரியாமற் சேர்வதை முதலிற் குறைத்தல் எளிது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். அதன் சக்தி 16 கலோரி. கோப்பைக்கு மூன்று கரண்டியாக நாளுக்கு ஐந்து முறை தேநீர் அருந்துபவர், 60 கிராம் சீனியை, அதாவது 240 கலோரியை, உணவென்று எண்ணாமலே உட்கொள்கிறார். ஆறு கரண்டி, அதாவது 25 கிராம் அளவுக்குள் நிற்பது மேலும் நன்மை தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களின்மேல் நிறக்குறி இடும் முறை இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடங்கிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். எழுத்தறியாத பாட்டியும் இந்நிறங்களைக் கொண்டு பேரப்பிள்ளைக்கு வாங்கும் போத்தலைத் தெரிந்தெடுக்கலாம்.

சோற்றுக் கோப்பையில் அரைப் பங்கைக் கீரைக்கும் மரக்கறிக்கும் ஒதுக்கி, கால் பங்கில் மீனோ பருப்போ வைத்து, எஞ்சிய கால் பங்கிற் சோற்றை வைத்துக்கொண்டால் வயிறும் நிறையும், கலோரியும் குறையும். மீன் மலிந்த கரையில் இது அரிதன்று. ஆனால் பொரித்த மீனை நாள்தோறும் உண்பது வேறு கணக்கு. ஒரு கிராம் மாப்பொருளில் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. குரக்கன் நல்ல தானியம் என்பது உண்மையே. ஆயினும், குரக்கன் புட்டை விருப்பம்போல் உண்டு மெலியலாம் என்பது மயக்கம்.

இவ்வழியின் பயனைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நன்கு காட்டுகிறது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை வைத்தியர் குழுவொன்று மூன்றாண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான புத்திமதி மட்டும் பெற்றோருள் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டோருள் 39 பேருக்கே வந்தது. வியப்புக்குரியது யாதெனின், இவர்களுடைய உடல்நிறை பெரிதும் குறையவில்லை! தராசின் முள் அசையாதபோதும் உடலினுள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது. தராசை மட்டும் பார்த்து மனமுடைந்து நடையைக் கைவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றோ, நிறையில் 7 சதவீதத்தைக் குறைத்தலும் வாரத்துக்கு 150 நிமிடம் நடத்தலும் இலக்காகக் கொண்டோரிடையே நீரிழிவு தோன்றுதல் 58 சதவீதம் குறைந்ததைக் காட்டியது.

நோய் வந்துவிட்டவர்க்கும் நம்பிக்கை உண்டு. ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நீரிழிவு கண்டு ஆறாண்டு கடவாதோர், மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 850 கலோரி அளவுள்ள வகுத்தமைத்த உணவை மட்டும் உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவின் எல்லைக்கு வெளியே நின்றனர். 15 கிலோவுக்கு மேற் குறைத்தோருள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அந்நிலை எய்தினர். எனினும் அவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில், மாத்திரைகளை முறையாக நிறுத்தி, தொடர்ந்து வழிகாட்டப்பட்டோர். நிறை திரும்பியோரிடம் காலப்போக்கில் நோயும் திரும்பிற்று. தனியே வீட்டில் இதனைச் செய்து பார்த்தல் தகாது.

மூன்றாவதாக, வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துகள். ஓர்லிஸ்டாட் என்னும் மாத்திரை, உண்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடலிற் சேராமற் கழியச் செய்யும். மெலிவு சில கிலோ அளவே. எண்ணெய் கசியும் மலப்போக்கு அதன் தொல்லை. இப்போது பெரிதும் பேசப்படுவன ஊசிகள். உணவு உண்டதும் குடல் சுரக்கும் ஓர் ஓமோனை ஒத்த செமாகுளூட்டைட், பசியை அடக்கி இரைப்பை வெறுமையாதலைத் தாமதிப்பிக்கிறது. வாரம் ஒருமுறை இட்டுக்கொண்டோர் 68 வாரங்களிற் சராசரியாகத் தம் நிறையில் 15 சதவீதத்தை இழந்தனர் என்று 2021இல் வெளியான ஆய்வு கூறிற்று. டிர்செபட்டைட் என்னும் மற்றொன்று 20 சதவீதம் வரை குறைத்ததை 2022ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. மருந்து வரலாற்றில் இவை புதிய நிலை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஊசியை நிறுத்தினால் பசி திரும்புகிறது. செமாகுளூட்டைட்டை நிறுத்தியோர் ஓராண்டினுள் இழந்த நிறையில் மூன்றில் இரு பங்கை மீளப் பெற்றனர். ஆகவே இது ஒரு மாதச் செலவன்று. குருதியமுக்க மாத்திரை போன்று நெடுங்காலச் செலவாகும். குமட்டலும் வாந்தியும் பலருக்கு உண்டாகும்; கணையம் அழற்சியுறுதல் அரிதாக நேரும்; கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். தேவை பெருகவே போலி ஊசிகளும் பெருகின. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் போலிச் செமாகுளூட்டைட் பற்றி எல்லா நாடுகளையும் எச்சரிக்க நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டியில், குளிரூட்டாது, சீட்டின்றி வரும் ஊசியை ஏற்றுக்கொள்ளலாகாது.

நான்காவது, மகன் வற்புறுத்தும் சத்திரசிகிச்சை. மெலிவிப்பதற்காகக் குடலின் வழியை மாற்றும் முறையை 1954இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டனர். சிறுகுடலின் பெரும் பகுதியை விலக்கிய அம்முறை, மெலிவோடு ஈரற் கேட்டையும் சத்துக் குறைவையும் தந்தமையாற் பின்னர் கைவிடப்பட்டது. 1966இல் எட்வர்ட் மேசன் என்னும் அயோவாப் பல்கலைக்கழக வைத்தியர், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்றைய மாற்றுவழி இணைப்பு. இரைப்பையின் ஏறக்குறைய முக்காற் பங்கை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குவது மற்றொரு முறை. இன்று மிகுதியாகச் செய்யப்படுவது அது. வயிற்றை அகலப் பிளவாமல், சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தி இவற்றைச் செய்கின்றனர். இரைப்பை சிறுத்தலால் மட்டும் இவை பயன் தருவனவல்ல. முன்னர்க் கூறிய பசி ஓமோன்களின் போக்கே மாறிவிடுதலால், உடல் பழைய நிறைக்குத் திரும்பும் போராட்டத்தைத் தளர்த்துகிறது.

பயனிற் பெரியது இவ்வழியே. நிறையிற் கால் பங்கும் அதற்கு மேலும் குறைதல் வழக்கம். பலருக்கு நீரிழிவு தணிகிறது. சுவீடனில் 1987இல் தொடங்கி, நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, சத்திரசிகிச்சை பெற்றோரிடையே இறப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்ததை 2007இல் வெளியிட்டது. தேர்ந்த நிலையங்களில் இதனால் நேரும் மரணம் ஆயிரத்தில் ஒன்று அளவே. ஆனால் அந்த ஒன்று எந்தக் குடும்பத்துக்கும் ஒன்றன்று, முழுமை. தையல் கசிதல், குருதி உறைதல், பித்தப்பைக் கல், நெஞ்செரிவு ஆகியனவும் நேரலாம். இரும்பு, கல்சியம், உயிர்ச்சத்து பி12, உயிர்ச்சத்து டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொண்டு, காலந்தோறும் குருதி சோதித்தல் வேண்டும். சத்துப் பொடியை வேண்டாமென்று தள்ளியவருக்கும் இங்கே சத்து மாத்திரை இன்றியமையாததாகிறது. வேறுபாடு இதுதான்: இது மெலிவதற்கன்று, குறையை நிரப்புதற்கு. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை அதனைத் தள்ளிவைத்தல் வேண்டும். தோலடிக் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் அழகுச் சிகிச்சையை இதனோடு மயங்கலாகாது; அது வடிவத்தைத் திருத்துமேயன்றி நீரிழிவைத் திருத்தாது.

யாருக்கு இது தகும்? 1991இல் அமெரிக்க வல்லுநர் வகுத்த எல்லை, சுட்டி 40. நோய்கள் உடனிருந்தால் 35. 2022இல் உலகச் சத்திரசிகிச்சை வல்லுநர் சங்கங்கள் அதனைத் தளர்த்தி, ஆசியர்க்கு 27.5 முதலே ஆராயலாம் என்றன. இலங்கையிலும் கொழும்புப் பகுதியில் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. திருகோணமலை நகரிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இலங்கைத்துறையிலிருந்து பயணம் இன்னும் நீளும். ஒருநாட் செலவை மகன் அனுப்பலாம். ஆனால் அதன்பின் ஆண்டுக்கணக்கில் யார் அழைத்துச் செல்வது, வாந்தி நிற்காத இரவில் எவ்வைத்தியசாலைக்குச் செல்வது, மாத்திரைச் செலவை யார் ஏற்பது என்னும் கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே நாட்குறித்தல் வேண்டும்.

இப்போது அந்தத் தாயின் கணக்கைத் தீர்க்கலாம். அவருடைய சுட்டி 32, நீரிழிவும் உண்டு. ஆகவே சத்திரசிகிச்சை அவருக்குப் பொருந்தாதது என்று தள்ளுவதற்கில்லை. ஆனால் அது முதற்படியுமன்று. அரசாங்கம் 2011 முதல் நாடெங்கும் நிறுவிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் நடுவயதினரின் நிறை, குருதியமுக்கம், குருதிச் சீனி ஆகியன கட்டணமின்றிச் சோதிக்கப்படுகின்றன. அங்கே தொடங்கி, தைரொயிட்டுச் சுரப்பிக் குறைபாடு உண்டா என்று பார்த்து, நிறையைக் கூட்டும் மாத்திரை ஏதேனும் உட்கொள்ளப்படுகிறதா என்று ஆராய்ந்து, கூட்டாத மருந்துக்கு மாறக்கூடுமாயின் மாறுதல் முதல் வேலை. பின்னர் ஆறு மாதத்துக்கு ஒரு சிறு இலக்கு: 72 கிலோவின் 7 சதவீதம் ஏறக்குறைய 5 கிலோ. நிறை 67 கிலோவாகும்போது சுட்டி இன்னும் 30ஐ ஒட்டியே நிற்கும். கண்ணாடி பெரிய மாற்றத்தைக் காட்டாது. ஆனால் முழங்காலும் குருதிச் சீனியும் அதனை உணரும். அதன் பின்னும் நீரிழிவு அடங்காவிடின், ஊசியையோ சத்திரசிகிச்சையையோ வைத்தியருடன் இருந்து ஆராய்தல் முறை. அது தோல்வியன்று, நோயின் அளவுக்கேற்ற மருந்து.

இவ்வழியில் அவர் தனியே நடத்தலும் ஆகாது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் வேறு சமையல் என்பது ஒரு வாரத்துக்கு மேல் நிலையாது. கணவனும் பிள்ளைகளும் அதே கோப்பையளவை ஏற்று, தேநீரிற் சீனியைக் குறைத்து, மாலையில் உடன் நடந்தால், மருந்து பாதி முடிந்தது எனலாம். கேலிப் பேச்சு நேர்மாறானது. அதனாற் புண்பட்டவர் நடைக்கு வெளிவரார், வைத்தியரிடம் செல்லார், கதவடைத்துக்கொண்டு பொடியைக் கலக்குவார், சொல்லாமற் பட்டினி கிடப்பார். உடற்பாரத்தாற் கெடுவோரில் ஒரு பகுதியினர், பாரத்தாலன்று, அதனை மறைக்க வேண்டும் என்னும் வெட்கத்தாலேயே கெடுகின்றனர்.

சுமைக்கோடு கப்பலின் உள்ளறையில் தீட்டப்படுவதில்லை. துறையில் நிற்பவர் யாவரும் காணுமாறு வெளிப்புறத்தே தீட்டப்படுகிறது. அது கப்பலை இகழ்வதற்கன்று, ஏறியிருப்போரைக் காப்பதற்கு. உடலின் அளவையும் அவ்வாறே வெளிப்படையாகக் கண்டு, வைத்தியரோடும் வீட்டாரோடும் கூடி, எதனை இறக்குவது, எவ்வளவு இறக்குவது, எவ்வழியில் இறக்குவது என்று தீர்மானிப்பவர் கரைசேர்வர்.